பில்லைக் கட்டுவதா, ஓட்டையை அடைப்பதா?

அமெரிக்காவில் ஏழைக் குடும்பம் என்றால் வாடகை, ஆஸ்பத்திரிச் செலவு, பழைய கார், இவைதான் நமக்கு முதலில் ஞாபகம் வரும். குளிரே ஒரு மாதச் செலவு என்பது தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு யோசித்தால் சட்டென்று உறைக்காது, ஏனென்றால் நமக்குக் குளிர் என்பது மார்கழியில் ஒரு போர்வை கூடுதலாக எடுப்பதோடு முடிந்துபோகிற விஷயம். மெய்ன், மின்னசோட்டா, விஸ்கான்சின் மாதிரி வட மாநிலங்களில் ஜனவரியில் மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் வரை இறங்குவது யாருக்கும் புதுசில்லை. அங்கே வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நின்றுபோனால் சீக்கிரமே வீடு குளிர்ந்து, சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்து, அப்புறம் குளிர் விட்டதும் வீடு முழுக்கத் தண்ணீர். பழைய சட்டையை இன்னும் ஒரு வருஷம் போடலாம், இந்தச் செலவை அப்படித் தள்ளிப்போட முடியாது.

முடியாது என்றாலும் தள்ளிப்போடத்தான் செய்கிறார்கள். 2020இல் அமெரிக்க அரசு நடத்திய வீட்டு எரிசக்திக் கணக்கெடுப்பில், நான்கில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான குடும்பங்கள், பில் கட்டச் சிரமப்பட்டதாகவோ அல்லது பில்லுக்குப் பயந்து வீட்டை உடம்புக்கு ஆகாத குளிரிலோ சூட்டிலோ வைத்திருந்ததாகவோ சொல்லியிருக்கின்றன. மருந்தையும் சாப்பாட்டையும் குறைத்து பில் கட்டியவர்களும் இதில் உண்டு. சமையல் ஓவனைத் திறந்துவைத்துக் குளிர்காய்கிறவர்கள் இருக்கிறார்கள், சின்ன மின்சார ஹீட்டரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் ராத்திரி பகலாக ஓடவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2022 ஜனவரியில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் அப்படிப்பட்ட ஒரு ஹீட்டரில் பிடித்த தீ 17 பேரின் உயிரை வாங்கியது.

வருமானத்தில் எரிசக்திக்குப் போகும் பங்கைப் பார்த்தால், ஏழைக் குடும்பங்களுக்கு அது மற்றவர்களுக்குப் போவதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. வருமானம் குறைவு என்பது பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் வீடு. குறைந்த வாடகைக்குக் கிடைக்கிற வீடு பெரும்பாலும் பழைய வீடு, மரச் சட்டங்களுக்கு நடுவே ஒன்றுமே அடைக்காத சுவர், இருபது முப்பது வருஷம் ஓடிய ஃபர்னஸ். ஆக, பணம் இல்லாதவர் அதே கதகதப்புக்கு அதிக எரிபொருள் எரிக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு அமெரிக்க அரசு இரண்டு திட்டங்கள் வைத்திருக்கிறது. ஒன்று பில்லுக்குப் பணம் கொடுக்கிறது. இன்னொன்று வீட்டைச் சரிசெய்கிறது. இரண்டும் வேறு வேறு துறை, வேறு வேறு சட்டம், பல ஊர்களில் ஒரே அலுவலகம். புதிதாகக் கேள்விப்படுகிறவர்கள் குழம்புவது இங்கேதான்.

முதலாவதன் பெயர் லைஹீப். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான வீட்டு எரிசக்தி உதவித் திட்டம் என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அப்படிக் கூப்பிடுகிறார்கள். 1981இல் வந்த சட்டம், மத்திய அரசின் சுகாதார, மனித சேவைகள் துறையின் கீழ் வருகிறது. மத்திய அரசு நேரடியாக யாருக்கும் கொடுப்பதில்லை, மாநிலங்களுக்கும் பழங்குடி அரசுகளுக்கும் மொத்தமாகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. யாருக்கு எவ்வளவு, எந்த மாதம் விண்ணப்பம், கோடைக்கும் உண்டா என்பதெல்லாம் மாநிலத்தின் பாடு. அதனால் "லைஹீப்பில் எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்டால் நேர்ப் பதில் கிடையாது. எந்த மாநிலம், வீட்டில் எத்தனை பேர், எந்த எரிபொருள் என்று மூன்று கேள்வி திரும்பி வரும்.

தகுதிக்கு மத்தியச் சட்டம் ஒரு மேல் வரம்பும் கீழ் வரம்பும் போட்டிருக்கிறது. வறுமைக்கோட்டு வருமானத்தின் 150 சதவீதம், அல்லது அந்த மாநிலத்தின் இடைநிலை வருமானத்தில் (பாதிக் குடும்பங்கள் அதற்கு மேலும் பாதிக் குடும்பங்கள் கீழும் இருக்கும் அளவு) 60 சதவீதம், இதில் எது அதிகமோ அதுவரை மாநிலம் போகலாம். வறுமைக்கோட்டின் 110 சதவீதத்துக்குக் கீழே வரம்பைக் கொண்டுவரக் கூடாது. நான்கு பேர் குடும்பத்துக்கு 2025ஆம் ஆண்டின் வறுமைக்கோடு வருஷத்துக்கு 32,150 டாலர், அதில் 150 சதவீதம் என்றால் 48,225 டாலர். உணவு உதவி அட்டை வைத்திருப்பவர்களையும் முதியோர், ஊனமுற்றோருக்கான உதவித்தொகை வாங்குகிறவர்களையும் வருமானத்தை மறுபடி நோண்டாமல் தகுதியுள்ளவர்களாக ஏற்றுக்கொள்ள மாநிலங்களுக்கு அனுமதி உண்டு.

பணம் பெரும்பாலும் கைக்கு வராது. மின்சாரக் கம்பெனிக்கோ கேஸ் கம்பெனிக்கோ நேராகப் போய் அந்தக் குடும்பத்தின் கணக்கில் வரவாகும். ஒரு குளிர்காலத்துக்குச் சில நூறு டாலர் என்பதுதான் பல இடங்களில் நிலைமை. அது முழுப் பில்லையும் அடைக்காது, மூச்சுவிட இடம் கொடுக்கும், அவ்வளவுதான்.

அவசரத்துக்கு என்று தனிப் பகுதி ஒன்று இருக்கிறது. இணைப்பைத் துண்டிக்கப்போவதாக நோட்டீஸ் வந்துவிட்டது, டாங்கில் எண்ணெய் தீரப்போகிறது என்றால், விண்ணப்பித்த 48 மணி நேரத்துக்குள் ஏதாவது ஒரு வழி செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. உயிருக்கே ஆபத்து என்றால் 18 மணி நேரம். அரசாங்கக் காகிதத்தில் இப்படி மணிக்கணக்கில் கெடு எழுதியிருப்பது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

எண்ணெய் டாங்க் என்றேனே, அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெய்ன் மாநிலத்தில் ஏறக்குறைய பாதி வீடுகள் சூட்டுக்கு எண்ணெயை நம்பியிருக்கின்றன. நிலவறையில் சுமார் 275 காலன், அதாவது ஆயிரம் லிட்டர் கொள்ளும் இரும்பு டாங்க் நிற்கும், லாரி வந்து நிரப்பும். பல எண்ணெய்க்காரர்கள் குறைந்தது 100 காலன் எடுத்தால்தான் லாரியை அனுப்புவார்கள். கையில் ஐம்பது டாலர் வைத்திருப்பவருக்கு அந்த வாசல் மூடியாயிற்று. அவர் கேனை எடுத்துக்கொண்டு பெட்ரோல் பங்குக்குப் போய் 5 காலன் டீசல் வாங்கி வந்து டாங்கில் ஊற்றுவார் (ஃபர்னஸ் அதையும் எரிக்கும்), அது ஒன்றிரண்டு நாள் ஓடும், மறுபடி கேன். சில்லறையாக வாங்குவதால் விலையும் அதிகம். ஒரு தடவை டாங்க் சுத்தமாகக் காலியாகிவிட்டால் குழாயில் காற்று புகுந்துவிடும், எண்ணெய் ஊற்றினாலும் ஃபர்னஸ் எரியாது, மெக்கானிக் வந்து காற்றை எடுத்துவிட வேண்டும், அதற்குத் தனிச் செலவு. லைஹீப்பின் அவசர உதவி இங்கே லாரியை வரவழைத்து, அந்தக் கேன் சுற்றிலிருந்து குடும்பத்தை வெளியே எடுக்கிறது.

இன்னொரு பாதுகாப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குளிர் மாநிலங்கள் பலவற்றில் குளிர்காலத்தில் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. விஸ்கான்சினில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, மாசசூசெட்ஸில் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை. விவரங்கள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், சில இடங்களில் தவணை ஒப்பந்தம் போட்டால்தான் பாதுகாப்பு. ஆனால் கடன் எங்கும் போகாது, ஏப்ரலில் மொத்தமாக வந்து நிற்கும். தவிர, இந்த விதிகள் மின்சாரத்துக்கும் குழாய் கேஸுக்கும்தான், எண்ணெய் லாரியையும் புரோப்பேன் லாரியையும் இவை கட்டுப்படுத்துவதில்லை.

வெயில் கதை வேறு. லைஹீப் பிறந்தது குளிரை மனதில் வைத்துத்தான், பணத்தைப் பிரிக்கும் கணக்கும் நெடுங்காலமாகக் குளிர் மாநிலங்கள் பக்கமே சாய்ந்திருக்கிறது. கோடையில் ஏசி பில்லுக்கு உதவாத மாநிலங்கள் இன்றும் நிறைய. 2018 செப்டம்பரில் அரிசோனாவில் 72 வயதுப் பெண்மணி ஒருவர், 51 டாலர் பாக்கிக்காக மின்சாரம் துண்டிக்கப்பட்ட வீட்டில், 40 டிகிரியைத் தாண்டிய வெயிலில் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் அந்த மாநிலத்தில் ஜூன் 1 முதல் அக்டோபர் 15 வரை துண்டிக்கக் கூடாது என்ற விதி வந்தது. ஃபீனிக்ஸ் நகரம் இருக்கும் மாரிகோபா கவுன்டியில் (கவுன்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி) மட்டும் 2023இல் வெயிலால் இறந்தவர்கள் 645 பேர். கத்திரி வெயிலைப் பார்த்து வளர்ந்த நமக்குக்கூட இது பெரிய எண்ணிக்கை.

சரி, இரண்டாவது திட்டத்துக்கு வருவோம். வெதரைசேஷன் என்கிறார்கள். வெயில், குளிர், காற்று மூன்றையும் தாங்கும்படி வீட்டைத் தயார் செய்வது. 1973இல் வந்த எண்ணெய் நெருக்கடியில் விலை பல மடங்கு ஏறியதும் நாடு முழுக்க ஏழை வீடுகள் திண்டாடின, 1976இல் இதற்குச் சட்டம் வந்தது. எரிசக்தித் துறை நடத்துகிறது. ஆரம்ப காலத்தில் ஜன்னலுக்கு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டுவது, கதவிடுக்கில் பட்டை ஒட்டுவது என்று தற்காலிக வேலையாகத்தான் இருந்தது. இப்போது அது ஒரு தொழில்நுட்பமாகவே ஆகிவிட்டது. இதற்குத் தகுதி வறுமைக்கோட்டின் 200 சதவீதம் வரை, ஆகவே லைஹீப்பில் நழுவியவர்கள்கூட இதில் வரலாம். அந்தக் குடும்பத்துக்குச் செலவு ஒன்றும் கிடையாது.

வேலை எப்படி நடக்கும் என்று பார்த்தால்தான் இது புரியும். முதலில் ஓர் ஆடிட்டர் வருவார். கணக்குப் பார்க்கிற ஆடிட்டர் இல்லை, வீட்டைப் பார்க்கிறவர். வாசல் கதவைத் திறந்து, அந்தச் சட்டத்தில் துணித் திரை ஒன்றை இறுக்கிப் பொருத்தி, அதன் அடியில் ஒரு பெரிய மின்விசிறியை வைப்பார். விசிறி வீட்டுக்குள் இருக்கும் காற்றை வெளியே இழுக்கும். உள்ளே அழுத்தம் 50 பாஸ்கல் குறையும்வரை ஓடவிடுவார். வீட்டின் நாலாபக்கமும் மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் காற்று அடித்தால் எப்படி இருக்குமோ அப்படி. அப்போது எங்கெல்லாம் இடுக்கு இருக்கிறதோ அங்கெல்லாம் வெளிக்காற்று சீறிக்கொண்டு உள்ளே வரும். பிளக் பாயின்டுக்குப் பக்கத்தில் கையை வைத்தால் சில்லென்று படும், சிங்க்குக்குக் கீழே குழாய் சுவருக்குள் போகிற ஓட்டையில் புகைக் குச்சியைக் காட்டினால் புகை உள்பக்கமாக மடங்கும். விசிறியோடு இணைந்த மீட்டர், வீடு மொத்தமாக எவ்வளவு காற்றை ஒழுகவிடுகிறது என்று எண்ணாகவே காட்டிவிடும்.

இங்கே பலருக்கும் ஒரு தப்பான எண்ணம் உண்டு: குளிர் ஜன்னல் வழியாக வருகிறது, ஜன்னலை மாற்றினால் போதும். உண்மையில் பெரிய ஒழுக்கு மேலே இருக்கும். சூடான காற்று மேலே ஏறி, கூரைக்கும் அறை உத்தரத்துக்கும் நடுவே உள்ள பரணுக்குள், விளக்கு மாட்டிய ஓட்டை, குழாய் போகும் சந்து, பரண் கதவின் ஓரம் என்று கிடைத்த வழியெல்லாம் வெளியேறும். போன காற்றின் இடத்தை நிரப்ப, கீழே நிலவறையிலிருந்து குளிர்ந்த காற்று உறிஞ்சப்பட்டு உள்ளே வரும். வீடே ஒரு புகைபோக்கி மாதிரி வேலை செய்கிறது. அதனால் தொழிலாளர்கள் முதலில் பரணுக்குள் தவழ்ந்து போய் ஓட்டைகளை நுரை போட்டு அடைப்பார்கள், பிறகு அதன் மேல் பழைய செய்தித்தாளை அரைத்து, சீக்கிரம் தீப்பிடிக்காமல் இருக்க போரேட் கலந்து செய்த செல்லுலோஸ் தூளை ஒரு குழாய் வழியாக ஊதி முழங்கால் உயரத்துக்கு நிரப்புவார்கள். சுவர் காலியாக இருந்தால் வெளிப்புறம் வரிசையாகச் சின்னத் துளை போட்டு உள்ளே அதே தூளை இறுக்கமாக அடைத்துவிட்டு மூடிவிடுவார்கள். ஜன்னல் மாற்றுவது அபூர்வம், காரணம் செலவுக்கேற்ற மிச்சம் அதில் வருவதில்லை. செய்யும் ஒவ்வொரு வேலையும் அதன் ஆயுள் முழுக்க மிச்சப்படுத்தும் தொகை, குறைந்தபட்சம் போட்ட செலவுக்காவது சமமாக இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி.

மொபைல் ஹோம் என்கிற தகர வீடுகளில் வேலை வேறு மாதிரி. ஏழைகள் பலர் சொந்தமாக வைத்திருப்பது இந்த வகை வீட்டைத்தான். தரைக்கு அடியில் ஒரு துணி போன்ற விரிப்பு இருக்கும், அதற்கும் தரைக்கும் நடுவில் சூட்டுக் குழாய் போகும். எலியோ, பிளம்பரோ அந்த விரிப்பைக் கிழித்திருப்பார்கள், குழாயின் மூட்டும் கழன்றிருக்கும். அந்தக் குடும்பம் இத்தனை வருஷமாகக் காசு கொடுத்துச் சூடாக்கிக்கொண்டிருந்தது வீட்டுக்கு அடியில் இருக்கிற மண்ணை. ஒருவர் மல்லாக்கப் படுத்துக்கொண்டு உள்ளே போய் மூட்டைச் சேர்த்து, கிழிசலைத் தைத்து, அடியை நிரப்பிவிட்டு வருவார். வெதரைசேஷனிலேயே எனக்குப் பிடித்த வேலை இதுதான், யார் கண்ணுக்கும் தெரியாது, ஆனால் அடுத்த பில்லில் தெரியும்.

வீட்டை இறுக்கி அடைத்துவிட்டால் இன்னோர் ஆபத்து வரும். கேஸ் வாட்டர் ஹீட்டரின் புகை மேலே போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே திரும்பலாம், அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கலாம். அதனால்தான் வேலைக்கு முன்னும் பின்னும் எரியும் கருவிகள் எல்லாவற்றையும் சோதிக்கிறார்கள், தேவையான அளவு வெளிக்காற்று வர ஒரு விசிறியும் வைக்கிறார்கள். யூடியூப் பார்த்து நாமே எல்லா ஓட்டையையும் அடைத்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

இவ்வளவு நல்ல திட்டம் என்றால் ஏன் எல்லா வீட்டுக்கும் நடக்கவில்லை? முதல் தடை வீடேதான். கூரை ஒழுகினால், பூஞ்சை படர்ந்திருந்தால், நூறு வருஷத்துப் பழைய வயரிங் இருந்தால், பரணில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்த பொருள் கிடந்தால், ஆடிட்டர் வேலையை ஒத்திவைத்துவிட்டுப் போய்விடுவார். ஈரக் கூரைக்கு அடியில் தூளை ஊதினால் அத்தனையும் வீண், பழைய வயரைச் சுற்றி மூடினால் தீ அபாயம், அவர் மேல் தப்பில்லை. ஆனால் மிக மோசமான வீட்டில் இருக்கிறவரையே திட்டம் திருப்பி அனுப்புகிறது என்பதுதான் இதன் முடிவு. இப்படி நிற்கும் வீடுகளை முதலில் ரிப்பேர் செய்வதற்கென்று 2022 முதல் தனி நிதி வந்திருக்கிறது, அளவு சின்னதுதான்.

இரண்டாவது தடை வாடகை வீடு. பில் கட்டுவது குடியிருப்பவர், சுவர் சொந்தக்காரருடையது. சொந்தக்காரர் ஏன் அக்கறைப்பட வேண்டும்? அவர் கையெழுத்துப் போட்டால்தான் வேலை நடக்கும், வேலை முடிந்ததைக் காட்டி வாடகையை ஏற்றக் கூடாது என்று எழுதியும் வாங்குவார்கள். இதைப் படித்ததுமே சில சொந்தக்காரர்கள் பின்வாங்குவார்கள்.

மூன்றாவது பணம். லைஹீப்புக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 400 கோடி டாலர், அதில் சுமார் 60 லட்சம் குடும்பங்களுக்கு உதவி போகிறது. வெதரைசேஷனுக்கு எரிசக்தித் துறையின் வழக்கமான ஒதுக்கீடு 2024இல் 33 கோடி டாலர் அளவில் இருந்தது. அதில் வருஷத்துக்கு 35,000 வீடு போல முடிகிறது. 2009இல் பொருளாதார மீட்புச் சட்டத்தில் 500 கோடியும், 2021இல் உள்கட்டமைப்புச் சட்டத்தில் 350 கோடியும் ஒரே மொத்தமாக வந்தன, ஆனால் அப்படி வரும் வெள்ளத்துக்கு ஆள் பழக்கி முடிப்பதற்குள் காலம் ஓடிவிடும், பணம் தீர்ந்ததும் பழகிய ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவார். லைஹீப் பணத்திலிருந்து 15 சதவீதம் வரை வெதரைசேஷனுக்கு மாற்றலாம், சிறப்பு அனுமதி வாங்கினால் 25 சதவீதம். என்னைக் கேட்டால் இன்னும் அதிகம் மாற்றலாம் என்பேன். வருஷாவருஷம் அதே ஒழுகும் வீட்டுக்கு அதே உதவி போவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. ஆனால் இதை ஜனவரியில் துண்டிப்பு நோட்டீஸைக் கையில் வைத்திருக்கும் ஒருவரிடம் போய்ச் சொல்ல முடியாது. ஆடிட்டர் வருவதற்கே மாதக்கணக்கில், சில ஊர்களில் வருஷக்கணக்கில் காத்திருப்பு. அதுவரை பில்லை யாராவது கட்டித்தான் ஆக வேண்டும்.

வெதரைசேஷன் மந்திரமும் இல்லை. மிச்சிகன் மாநிலத்தில் சுமார் 30,000 குடும்பங்களை வைத்து நடந்த ஒரு பொருளாதார ஆய்வு, எரிசக்திச் செலவு 10 முதல் 20 சதவீதம் வரை நிஜமாகவே குறைந்தது என்றும், ஆனால் ஆடிட்டரின் கணினிக் கணக்கு சொன்ன மிச்சத்தில் பாதிகூட வரவில்லை, போட்ட பணம் எரிசக்தி மிச்சத்தைப்போல் இரண்டு மடங்கு என்றும் கண்டது. அரசின் சொந்த மதிப்பீடுகள் இதைவிடத் தாராளமாக இருக்கின்றன, ஆஸ்துமா குறைவது, தீ விபத்து குறைவது எல்லாவற்றையும் அவை சேர்த்து எண்ணுகின்றன. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்த ஆய்வில் எனக்கு உறுத்திய விஷயம் வேறு. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, போன் செய்து, இலவசம் என்று சொல்லியும், முன்வந்து வேலை முடித்த குடும்பங்கள் 6 சதவீதம்தான். விண்ணப்பம் நீளம், சான்றுகள் நிறைய, நாள் சம்பளக்காரர் ஆடிட்டருக்காக ஒரு நாள் லீவு போட வேண்டும், அதற்கு மேல் இலவசம் என்று கதவைத் தட்டுகிறவரை யார் நம்புவார்?

அரசியலும் இதை விடவில்லை. 2025 ஏப்ரலில் லைஹீப்பை நடத்திய மத்திய அலுவலக ஊழியர்கள் அனைவரும் ஒரே நாளில் பணிநீக்க நோட்டீஸ் வாங்கினார்கள், அடுத்து வந்த பட்ஜெட் முன்மொழிவு திட்டத்தையே எடுத்துவிடச் சொன்னது. அந்த ஆண்டு அக்டோபரில், செலவுக்கு நாடாளுமன்ற ஒப்புதல் கிடைக்காமல் தொடங்கி 43 நாள் நீடித்த அரசு முடக்கத்தால், குளிருக்கு முன் மாநிலங்களுக்குப் போக வேண்டிய பணம் நவம்பர் கடைசிக்குத் தள்ளிப்போனது. லைஹீப் உரிமைத் திட்டம் கிடையாது என்பதை இந்த மாதிரி நேரத்தில்தான் உணர முடியும்: தகுதி இருந்தாலும், அந்த வருஷப் பணம் தீர்ந்துவிட்டால் தீர்ந்ததுதான். தகுதியுள்ள குடும்பங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்குத்தான் கிடைக்கிறது.

அமெரிக்காவில் இருக்கும் உங்கள் உறவினரோ, பக்கத்து வீட்டு முதியவரோ இந்த நிலையில் இருந்தால் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். 211 என்ற எண்ணைச் சுழற்றினால் அந்தக் கவுன்டியில் விண்ணப்பம் வாங்கும் அலுவலகம் எது என்று சொல்வார்கள். 1964இல் வறுமை ஒழிப்புச் சட்டத்தோடு பிறந்த சமூகச் செயல் அமைப்புகள்தான் பெரும்பாலும் அந்த அலுவலகம். சமீபத்திய பில், வருமானச் சான்று, வீட்டில் இருக்கும் எல்லோருடைய சோஷியல் செக்யூரிட்டி எண், வாடகை ஒப்பந்தம், இவற்றை முன்னாலேயே எடுத்து வைக்க வேண்டும். குளிர் வந்த பிறகு போகாமல், மாநிலம் விண்ணப்பம் திறக்கும் இலையுதிர் காலத்திலேயே போய்விட வேண்டும். லைஹீப் படிவத்தைக் கொடுக்கும்போதே வெதரைசேஷன் வரிசையிலும் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் பல இடங்களில் தானாகச் சேர்க்க மாட்டார்கள். வீட்டில் கைக்குழந்தையோ, அறுபது தாண்டியவரோ, ஊனமுற்றவரோ இருந்தால் அதையும் சொல்ல வேண்டும், வரிசையில் அவர்களுக்குத்தான் முன்னுரிமை.